கொழும்பில் பிறந்த பிள்ளைக்குக் காப்புறுதி இல்லை

இந்த வலைப்பூவில் இதுவரை நயாகரா, மொன்றியல், ஒருமுறை கியூபா என்று எழுதியிருக்கிறேன். எங்கே சாப்பாடு மலிவு, எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி என்றெல்லாம் எழுதி உங்களில் சிலரைச் சிரிக்கவும் வைத்திருக்கிறேன். இந்தப் பதிவில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். வயிற்றில் பிள்ளையோடு கொழும்புக்கு ரிக்கெற் போடும் யாராவது ஒருவர் இதை வாசித்துவிட்டுக் காப்புறுதிக் கடுதாசியை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தால் போதும்.

நாங்கள் போனது 2008 மாசி மாதம். சண்டை நடக்கிற நேரத்தில் ஏன் போனீர்கள் என்று கேட்பீர்கள். என் மனைவி தர்சினியின் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கிறார். தாய் இல்லை. யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை பூட்டியாயிற்று. கனடா விசாவுக்கு அவர் இரண்டு தரம் விண்ணப்பித்து இரண்டு தரமும் இல்லையென்று வந்துவிட்டது. தகப்பனும் மகளும் முகம் பார்த்து ஒன்பது வருடம். "வயித்தோட ஒருக்கா அப்பாவுக்கு முன்னால போய் நிக்க வேணும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வாரம். டொக்டர் போகலாம் என்றார், விமானக் கம்பனிக்குக் கடிதமும் தந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி விளங்காது. இதற்கு முதல் ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் இல்லாமல் போனது. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் முன்கூட்டியே பெயர் வைத்து, வயிற்றைத் தடவித் தடவிக் கூப்பிட்டும் இருந்தோம். அதனால் இந்த முறை தர்சினி எதற்கும் இடம் கொடுக்கவில்லை. தொட்டில் வாங்கவில்லை, சட்டை வாங்கவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்கு என்ற தீட்டுக் கழிந்த பிறகுதான் பெயர் என்று ஊரில் உள்ள வழக்கத்தை கனடாவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு ஊரை விட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். நானும் வாய் திறக்கவில்லை. மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன், அதுவும் வெளியே வரவில்லை.

காப்புறுதி எடுத்துத் தந்தவர் எங்கள் ஆள்தான், கோயிலில் கண்டால் கதைக்கிற பழக்கம். இரண்டு பேருக்கு இருபத்தொரு நாளுக்கு 246 டொலர். முப்பத்தோரு வாரம் வரைக்கும் தாய்க்கு வரும் சிக்கல்களுக்குக் கம்பனி கட்டும், கொழும்பு பயண எச்சரிக்கைப் பட்டியலில் இல்லை, வடக்குக்குப் போனால்தான் செல்லாது என்றெல்லாம் விரல் வைத்துக் காட்டினார். கடைசியில், "அண்ணை, தற்செயலா அங்க பிள்ளை பிறந்தால் பத்து நாளுக்குள்ள பேரையும் திகதியையும் எனக்கு அறிவியுங்கோ, பிள்ளையையும் சேர்க்கலாம்" என்றார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். அதைப்பற்றி வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கதைப்பதே அபசகுனம் என்று இருந்தது.

லண்டனில் ஐந்து மணி நேரம் தங்கி, கட்டுநாயக்காவில் இறங்கும்போது அதிகாலை 4.20. வெள்ளவத்தைக்கு வாடகை வானுக்கு 3,200 ரூபா. நாற்பது கிலோமீற்றர்தான், ஆனால் மூன்று இடத்தில் மறித்து இறக்கிப் பைகளைத் திறந்து பார்த்ததில் இரண்டு மணி நேரம் போயிற்று. தர்சினியை மட்டும் இறங்க வேண்டாம் என்று சொன்னார்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி அறை, நாளுக்கு 2,500 ரூபா. வீட்டுக்காரர் எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு முதல் வேலையாகப் பொலிஸில் பதிந்துவிட்டு வந்தார். போகிறவர்களுக்குச் சொல்கிறேன், இதை அன்றைக்கே செய்யுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள்.

மாமா, தர்சினியின் தகப்பனார், யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து விமானத்தில் இரத்மலானைக்கு வந்தார். எங்களோடு தங்க வைக்கத்தான் ஆசை. வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "உங்கட கனடாப் பாஸ்போட் எண்டால் பிரச்சினை இல்லை தம்பி. யாழ்ப்பாண ஐடென்ரிக் காட் ஒண்டு வீட்டில நிண்டா இரவில பொலிஸ்காரர் வந்து தட்டுவாங்கள். குறை நினைக்காதையுங்கோ." அவரைக் குறை சொல்லி என்ன. மாமா கொட்டாஞ்சேனையில் பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டில் போய் நின்றார்.

நாங்கள் போய் இறங்கிய நான்காம் நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வெள்ளவத்தையிலிருந்து பத்துக் கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 450 ரூபா. மாமா வாசலிலேயே நின்றார். ஒன்பது வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார். மகளைப் பார்த்ததும் உள்ளே போய், மீன் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் தானே வைத்ததாகச் சொல்லி, தட்டை எடுத்துவந்து வைத்தார். அவள் சாப்பிட்டு முடியும் வரை பக்கத்தில் இருந்து பார்த்தார். "இவ்வளவு காணும் எனக்கு" என்றார். எனக்கும் போதும் என்றிருந்தது. அந்த ஒரு நாளுக்காக இந்தப் பயணம் சரிதான் என்று அன்று இரவு நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் அவளுக்கு வலி தொடங்கியது. வெள்ளவத்தைக்கு அண்மையில் உள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கு ஓடினோம். கதவைத் தாண்டமுன் ஒரு லட்சம் ரூபா முற்பணம் கேட்டார்கள், கடன் அட்டையில் கட்டினேன். ரொறன்ரோவில் இருந்த காப்புறுதிக் கம்பனிக்காரி தொலைபேசியில் மிக அன்பாகக் கதைத்தாள், தாய்க்குரிய செலவு தங்கள் பொறுப்பு என்று வைத்தியசாலைக்கு உடனே தொலைநகலும் அனுப்பினாள். மத்தியானம் பிள்ளை பிறந்தது. ஆண். ஒரு கிலோ நூறு கிராம். என் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்த நீளம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் போட்டார்கள். பெட்டியில் ஒட்டிய அட்டையில் ஆங்கிலத்தில் 'தர்சினியின் குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது.

பெட்டிக்கும் சுவாச இயந்திரத்துக்கும் நாளுக்கு 38,000 ரூபா. நுரையீரல் விரிவதற்கு ஒரு ஊசி, அது ஒன்றே 65,000. எதுவும் தாயின் கணக்கில் வராது. பிள்ளை காப்புறுதியில் இல்லை. காலிவீதியில் உள்ள கொமியுனிகேஷன் கடைக்குப் போய், காப்புறுதி எடுத்துத் தந்த ஏஜென்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு அங்கே இரவு. நித்திரையால் எழும்பிக் கதைத்தார். "பேரைச் சொல்லுங்கோ அண்ணை, நாளைக்குக் காலமையே போட்டு விடுறன். பிறந்த நாளில இருந்தே கணக்கு." அவ்வளவுதான் வேலை. ஒரு பெயர்.

வைத்தியசாலை வாட்டுக்கு வந்து தர்சினியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "முப்பத்தொண்டு கழியட்டும்" என்றாள்.

"இது கடுதாசிக்குத்தான். பிறகு நீர் விரும்பின பேரை வையும்."

"கடுதாசிக்கு எண்டாலும் பேர் பேர்தான். போன முறை வைச்சனாங்கள்."

வயிறு வெட்டிய காயத்தோடு கிடக்கிறவளிடம் என்ன வழக்குப் பேசுவது. நாள்கள் ஓடின. பிள்ளை பிறந்த எட்டாம் நாள், மாமா சொன்னால் கேட்பாள் என்று நினைத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவரைக் கூட்டிவரப் புறப்பட்டேன். கொள்ளுப்பிட்டியில் பாதையை மறித்துவிட்டார்கள். ஓட்டோக்காரர் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "பெரிய ஆளுங்க யாரோ போறாங்கண்ணே. அவங்க போற வரைக்கும் ஒரு நாய விடமாட்டாங்க. அவசரமா?" பிள்ளை ஆஸ்பத்திரியில் என்றேன். "என்ன பேரு?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனிதர் என்ன செய்வார் பாவம். இன்னும் வைக்கவில்லை என்றேன். ஐம்பது நிமிடம் வெயிலில் நின்றோம்.

மாமாவிடம் வழியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். விபூதி இல்லாமல் வெளிக்கிடாத மனிதர், வழக்கம் என்றால் வழக்கம்தான் என்று நிற்பார் என்று பயந்தேன். அவர் நேரே மகளின் கட்டிலுக்குப் போனார்.

"பிள்ளை, பேரை வை. நான் சொல்லுறன். துடக்கும் மண்ணாங்கட்டியும். ஒண்டும் நடக்காது."

"நீங்கள்தானே அப்பா முந்தி எல்லாத்துக்கும் நாள் பாக்கிறனீங்கள்."

"பாத்து என்ன கண்டனான்? உன்ர அம்மாவையும் நாள் பாத்துத்தான் கலியாணம் செய்தனான்."

அவள் அழுதாள், ஆனால் சம்மதிக்கவில்லை. பெயர் இல்லாத பிள்ளையை எமனுக்கும் தெரியாது என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னாள். கல்லூரி படித்தவள், வங்கியில் வேலை செய்கிறவள். பயம் வந்தால் படிப்பு எங்கே நிற்கும். மாமா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, "தம்பி, நீர் பாத்துச் செய்யும்" என்றார்.

நான் பார்த்துச் செய்தேன். அன்றைக்கே கொமியுனிகேஷன் கடைக்குப் போய், மனதுக்குள் இத்தனை மாதம் கிடந்த பெயரை ஏஜென்றுக்குச் சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன். "நல்லது அண்ணை, இனி யோசிக்காதையுங்கோ" என்றார். இரண்டாம் நாளே பிள்ளை கம்பனியின் கணக்கில் ஏறிவிட்டான் என்ற செய்தி வந்தது. அன்று வெள்ளவத்தைக் கடற்கரையில் தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கல்லில் இருந்து ஒரு சிகரெட் பிடித்தேன். விட்டு மூன்று வருடமாகியிருந்தது. நான் செய்தது பிழையென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

பதினோராம் நாள் டொக்டர் கூப்பிட்டார். இருதயத்துக்குப் பக்கத்தில் பிறந்தவுடன் மூடவேண்டிய ஒரு குழாய் மூடவில்லை, மருந்துக்கும் கேட்கவில்லை, சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அதைச் செய்கிற டொக்டர் அந்த நேரம் நாட்டில் இல்லை. சிங்கப்பூருக்குக் கொண்டுபோகலாம். பெட்டியோடும் டொக்டரோடும் வரும் சின்ன விமானம், நாற்பத்திரண்டாயிரம் அமெரிக்க டொலர், பணம் கையில் வந்த பிறகுதான் அது கிளம்பும். "இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கம்பனி தான் கட்டுவதாகச் சொன்னது, ஆனால் உறுதிப்படுத்த வேண்டுமாம். இரவில் வைத்தியசாலைக்கு எடுத்து, இன்ன பெயருடைய பிள்ளை உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். தாதி புத்தகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு பெயர் இல்லை. நல்ல மனதோடு தர்சினியின் கட்டிலுக்கு வந்து, பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டாள். இல்லை என்றாள் தர்சினி. தாதி போய், தாய் இன்னும் பெயரே வைக்கவில்லையாம் என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் உண்மைதான் சொன்னார்கள். காலையில் எனக்கு வந்த பதில், பிள்ளையின் அடையாளம் உறுதியாகவில்லை, அந்தப் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் வரும் வரைக்கும் எந்தக் கொடுப்பனவும் இல்லை என்பது. தொலைபேசியில் கத்தினேன். பிள்ளை சாகக் கிடக்கிறான், நீங்கள் எழுத்துப் பார்க்கிறீர்கள் என்று கத்தினேன். அந்த அன்பான பெண் தனக்கு என் வேதனை விளங்குகிறது என்றாள்.

வாட்டுக்கு வந்தபோது தர்சினி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கள் பேர் குடுத்தனீங்களோ?"

"ஓம்."

நான் சிங்கப்பூரையும் விமானத்தையும் சொன்னேன். "போய்ப் பதியுங்கோ" என்றாள். என்ன பெயர் என்று கேட்கவில்லை. தாயின் கையெழுத்து வேண்டிய இடத்தில் வாசிக்காமல் கையெழுத்து வைத்துத் தந்தாள்.

பதிவாளர் கந்தோருக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. அன்றைக்குப் போயா. பௌர்ணமிக்கு நாடே லீவு என்பது ஊரை விட்டு இவ்வளவு காலத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது. வாசலில் இருந்த காவலாளி, "ஹெட்ட என்ட, மஹத்தயா" என்றான். நாளைக்கு வரட்டாம். மீதி நாள் முழுக்க ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் எடுத்து, தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். பதினோராயிரம் டொலர் வரை தருவதாகச் சொன்னார்கள். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் பதினோராயிரத்துக்கு விமானம் கால்வாசித் தூரம்தான் பறக்கும்.

நாளை வந்தது, பிள்ளை இருக்கவில்லை. காலை கந்தோர் திறக்க முதலே முடிந்துவிட்டது. விமானம் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டொக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தச் சொல்ல முடியாது என்பதோடுதான் இப்போது நான் வேலைக்குப் போய் வருகிறேன்.

குழந்தைகளை எங்கள் வழக்கத்தில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். தர்சினி வரவில்லை. மாமாவும் நானும் ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்கு அப்பால் உள்ள மயானத்துக்குக் கொண்டுபோனோம். பெட்டி மாமாவின் மடியில் இருந்தது. வழியில் ஒரு சோதனைச்சாவடியில் மறித்தார்கள். இளம் ஆமிக்காரன் துவக்கோடு குனிந்து பெட்டியைக் காட்டி, "மேக்கே மொனவத?", இதற்குள் என்ன, என்றான். மாமாவுக்கு வேலை செய்த காலத்துச் சிங்களம் மிச்சம் இருந்தது. "லமயெக், புத்தா" என்றார். பிள்ளை, மகனே என்று. அவன் திறக்கச் சொல்லவில்லை. பின்னால் நின்ற வாகனங்களையும் மறித்துவிட்டு எங்களை முதலில் போகவிட்டான்.

இனிப் போகிறவர்களுக்கு. எத்தனை வாரம் வரை தாய்க்குச் செல்லும் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், பயணத்தில் பிறக்கும் பிள்ளை எந்த நிமிடத்திலிருந்து சேரும், எதைக் காட்டினால் சேரும் என்று எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலான கம்பனிகள் அப்படிப் பிறக்கும் பிள்ளையைச் சேர்ப்பதே இல்லை என்று பிறகு அறிந்தேன், எங்களுடையது சேர்க்கிற ஒன்று, அதுதான் இன்னும் எரிகிறது. கம்பனிக்குக் கொடுக்கும் பெயரும் வைத்தியசாலை அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். போயா எப்போது என்று கலண்டரைப் பாருங்கள். பெயர் உறுதியாகாத பிள்ளைக்குக் கம்பனி கடைசிவரை கட்டவில்லை; அவனுடைய செலவு எல்லாம் சேர்த்து ஏழு லட்சம் ரூபாவுக்குச் சற்றுக் கூட, அதைக் கட்டி முடிக்க எனக்கு இன்னும் இரண்டு வருடம் எடுக்கும். உங்களுக்குச் சாத்திரம், துடக்கு, பயம் என்ன இருந்தாலும் இருக்கட்டும், பிறந்த அன்றைக்கே பெயரை வையுங்கள். அல்லது போகாதீர்கள். இப்போது என்னைக் கேட்டால் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் மகளுக்குப் பக்கத்தில் இருந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்த மாமாவை நினைத்தால் அதையும் உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது ரிக்கெற் மாற்றியதற்கு ஆளுக்கு 175 டொலர். விமானத்தில் தர்சினி யன்னல் பக்கம் இருந்தாள். வைத்தியசாலையை விட்டு வந்ததிலிருந்து என்னோடு தேவைக்குத்தான் கதைத்தாள். விளக்குகளை அணைத்துச் சனம் நித்திரையான பிறகு, யன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என்ன பேர் குடுத்தனீங்கள்?"

"ஆரூரன்."

அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் சத்தமாக இன்னொருமுறை.

"நல்ல பேர்" என்றாள். "கூப்பிட நல்லாயிருந்திருக்கும்."